ஒரு மூச்சுக்கு ஒரு வேலை

பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அக்காவுக்கும் தங்கைக்கும் மிச்சமிருந்த உறவு அவ்வளவுதான். ஆளுக்கு இரண்டு முனை பிடிப்பார்கள், உதறுவார்கள், நெருங்கி வந்து மடிப்பார்கள். மூக்கோடு மூக்கு முட்டுகிற தூரம். ஆனால் வருஷக்கணக்காகப் பேச்சு கிடையாது. அக்கா இழுக்கிற இழுப்பில் தங்கைக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும்.

காரணம் துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தங்கையின் மகள், சுண்டு. பெற்றவள் தங்கை, வளர்த்தவள் அக்கா. பள்ளிக்கூடம் அவளைச் சோம்பேறி என்றது, திமிர் பிடித்தவள் என்றது. கடைசியில் ஒரு மூளை டாக்டர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். கருவில் மூளை செல்கள் பிறந்த இடத்திலேயே தங்கிவிடுவதில்லை. தத்தம் இடம் தேடி நகர்ந்துபோய் உட்கார வேண்டும். தாய் குடிக்கிற மது கருவுக்கும் போகிறது. சில செல்கள் செத்துப்போகும், சில வழிதவறி வேறெங்கோ நின்றுவிடும்.

"ஒரே மூச்சுல ரெண்டு வேலை சொல்லாதீங்க. ஒண்ணை முடிக்கட்டும், அப்புறம் அடுத்தது. இன்னொண்ணு, பெத்தவங்களைத் திட்டாதீங்க. திட்டினா ஒரு செல்லும் திரும்பி வராது," என்றார் டாக்டர்.

அக்கா முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

புதிதாக வந்த சூப்பர்வைசர் அன்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான்: "நீல யூனிஃபார்மைத் தனியா எடுத்து வை, விரிப்பை உள்ள போடு, கொதிதண்ணியில விடு."

சுண்டு தலையாட்டினாள். எதற்கும் தலையாட்டுவாள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்துக் கொதிக்கவிட்டாள். ஆஸ்பத்திரி விரிப்புகள் அத்தனையும் நீலமாக வெளியே வந்தன.

"நோயாளிங்க ஆகாயத்துல படுத்துக்கலாம்," என்று எவளோ சொல்ல, கூடமே சிரித்தது.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "என்ன, குடிச்சிட்டு வந்தியா? முழியைப் பாரு! நாளையிலேருந்து வராதே."

அக்கா கையிலிருந்த முனைகளைக் கீழே போட்டாள். "அவ ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிச்சது இதோ நிக்கிறாளே, இவ! வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு தினம் குடிச்சா."

"நிறுத்துக்கா."

"அப்ப நீ நிறுத்தியிருக்கணும்."

"உடம்புக்கு நல்லதுன்னு என் மாமியாரே ஊத்திக் குடுத்தாங்க. தப்புன்னு யார் சொன்னா? பக்கத்து வீட்டுலதானே இருந்தே, நீ சொன்னியா?"

அக்கா சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். "தம்பி, சுண்டுகிட்ட ஒண்ணு சொல்லு, நில்லு, அப்புறம் அடுத்ததைச் சொல்லு. வாயா தேஞ்சிடும்? இவளை அனுப்பினா நானும் போறேன். அந்தத் துணிக் குவியலை நீயே கட்டிக்கிட்டு அழு."

அவன் குவியலைப் பார்த்தான். கூரையைத் தொடாத குறை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சு..." என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தான்.

தங்கை ஏப்ரனை அவிழ்த்து மேஜையில் வீசிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

பாதி மடித்த விரிப்பு தரையில் கிடந்தது.

"சுண்டு, இங்க வா."

வந்தாள்.

"முனையைப் பிடி."

பிடித்தாள். "பெரியம்மா, அம்மா திரும்பி வருவாங்களா?"

"இழு," என்றாள் அக்கா.