அழிக்க முடியாத ஐந்து கோடுகள்

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு அம்மாவும் காரைக்குடிக் கல்லூரிக்கு வந்திருந்தாள். கடைசி வரிசையில் அமர்ந்து, மடியில் வைத்த தூக்குச்சட்டியை இரு கைகளாலும் பிடித்திருந்தாள்.

என் ஆய்வுக் கணக்கு இது: புள்ளிகளும் கோடுகளும் கொண்ட வலையொன்றில், நான்கோ அதற்கு மேலோ புள்ளிகளுள்ள எந்த வளையமும், அதில் அடுத்தடுத்து இல்லாத இரு புள்ளிகளை இணைக்கும் குறுக்குக்கோடின்றி இருக்கலாகாது. இல்லாத இடத்தில் நாம் சேர்க்க வேண்டும். புள்ளி புள்ளியாகத் தேடிச்செல்லும் என் முறை, தேவையற்ற கோடு ஒன்றையும் சேர்க்காது என்பதே ஆய்வேட்டின் முடிவு. அது பொய்த்தால் பட்டமில்லை.

தேவகோட்டைக்காரரான புறத்தேர்வாளர் கரும்பலகையில் ஆறு புள்ளி வளையம் வரைந்தார். நடுவே ஏழாவது புள்ளியை வைத்து, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று புள்ளிகளோடு இணைத்தார். நடுவிலிருந்து தேடினேன், மூன்று கோடுகள் சேர்ந்தன.

"இப்ப அங்குட்டு இருந்து வாங்க," என்று நடுவோடு சேராத வெளிப்புள்ளியைத் தொட்டார். ஐந்து சேர்ந்தன.

"மூணுல முடியிற வேலைக்கு அஞ்சு போட்டிருக்கீக. வீணான ரெண்டு எதுன்னு நீங்களே சொல்லிருங்க."

எண்ணிக்கையில் குறைவானதைத் தருவதாக என் முறை சொல்லவில்லை. சேர்த்ததில் ஒன்றையும் நீக்க முடியாது என்று மட்டுமே சொன்னது. அதைச் செய்தே காட்டலாமென்று டஸ்டரை எடுத்தேன். ஒரு கோட்டை அழித்தேன். குறுக்குக்கோடற்ற நாற்புள்ளி வளையம் தெரிந்தது. திரும்ப வரைந்துவிட்டு அடுத்ததை அழித்தேன். நான்கு கோடுகள் தப்பின.

ஐந்தாவது, எதிரெதிர்ப் புள்ளிகளை இணைக்க நடுப்புள்ளியைச் சுற்றி வளைந்து போன கோடு. பார்வைக்கே வீண். அதை அழித்தபின் அவர் வரைந்த கோடுகளுக்குள் வளையத்தைத் தேடினேன். இல்லை. மீண்டும் தேடினேன்.

"என்னம்மா, தண்ணி குடிக்கிறீகளா?" என்று என்னைக் கேட்டார் தேர்வாளர்.

வேண்டாமென்று தலையசைத்தபோதுதான் கண் நான் சேர்த்த கோடுகளின் மேல் விழுந்தது. அவர் கோடுகள் இரண்டும் என் கோடுகள் இரண்டும் சேர்ந்து நாற்புள்ளி வளையம், அதன் எதிர்முனைகளை இணைக்கும் குறுக்குக்கோடு இல்லை. விரலால் சுற்றிக் காட்டினேன்.

அவர் எழுந்து வந்து அதே வழியே தம் விரலையும் ஓட்டிப் பார்த்தார். "அழிச்சத வரைஞ்சிருங்க," என்றார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "ஏன் ஆத்தா, அவுக அழிக்கவேயில்ல, நீயே அழிச்சு நீயே வரையிற. பாஸா, இல்லையா?"

"பாஸும்மா."

அதன் பிறகுதான் அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.