நிறை என்றால் என்ன?

மல்லாவிச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. அக்கராயனில் வயல் செய்கிற கமக்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, “ரீச்சர், உங்களுக்குத் தெரியாதோ? நாகேஸ்வரி ரீச்சர் மோசம் போயிட்டா. காய்ச்சல். யாழ்ப்பாணம் கொண்டுபோக முதலே எல்லாம் முடிஞ்சுது” என்றார். எங்கள் பக்கத்தில் இறந்துபோவதையும் மோசம் போவது என்போம், ஏமாந்துபோவதையும் அப்படியே சொல்வோம். ஒரு கணம் அவர் என்னைப் பற்றிச் சொல்கிறாரோ என்று நினைத்துவிட்டேன்.

நினைவு மலருக்கு எழுதித் தரும்படி நாகேஸ்வரியிடம் படித்தவர்கள் கேட்டார்கள். நல்லவர், வல்லவர், மனதில் ஒன்றும் ஒளிக்காதவர் என்று நீங்கள் எல்லோரும் எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் எனக்குத் தெரிந்த நாகேஸ்வரியை எழுதுகிறேன்.

எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் இங்கிலீசில் விஞ்ஞானம் படித்துத் தேறிய யாழ்ப்பாணத்துப் பெண். நான் முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிற வீட்டில் பிறந்த, பயிற்சி பெறாத ஆசிரியை. அக்கராயன் குளத்துப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் இருவரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து பாடசாலைக்குப் போய்வந்தோம். ஆசிரியர் கலாசாலைக்குப் போக எனக்குக் கணிதமும் பௌதிகமும் தேவைப்பட்டன. அந்த ஆண்டுப் பரீட்சையை விட்டால் வயது கடந்துவிடும். பிறகு காலமெல்லாம் உதவி ஆசிரியைதான்.

தபாலில் வரும் கணிதப் பயிற்சிகளை எனக்கு விளங்கவைத்தவர் அவர்தான். அதை நான் மறைக்கவில்லை. குசினியில் புட்டுக்கு மாக் குழைத்தபடியே, “பென்சிலை வையும் பிலோமினா. முதல் கேள்வியை வாசியும்” என்பார். ஆற்றைக் கடக்கும் படகுக் கணக்கு ஒன்றில் நான் அழாத குறையாக இருந்தபோது, “உம்மட ஐயா நீரோட்டத்துக்குத் தோணியைச் சரிச்சுப் பிடிக்கிறேல்லையோ? அதைத்தான் இந்தக் கணக்கும் கேக்குது” என்று சிரித்தார். அன்றைக்கே அந்தக் கணக்கு வந்துவிட்டது. என் சமையலை மட்டும், “இது எந்த விதிக்கும் அடங்காது” என்று கேலி செய்வார்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பௌதிகப் புத்தகம், இந்தியாவில் அச்சடித்தது. அதில் ஒரு பொருளில் எவ்வளவு சடம் இருக்கிறது என்பதற்கு ‘நிறை’ என்றும், பூமி அதை இழுக்கும் விசைக்கு ‘எடை’ என்றும் போட்டிருந்தது. அவரும் அப்படியே சொல்லித் தந்தார். நானும் அப்படியே மனதில் பதித்தேன்.

பரீட்சைக்குச் சில கிழமைகள் இருக்க, விஞ்ஞான ஆசிரியர்களின் கருத்தரங்கு ஒன்றுக்கு யாழ்ப்பாணம் போய்வந்தார். பனங்கட்டி கொண்டுவந்தார். அன்று பின்னேரம் நான் வழக்கம்போல அந்தப் புத்தகத்தை விரித்து, “ஒரு வண்டியின் நிறை...” என்று வாசிக்கத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

பரீட்சைத் தாளில் ‘எடை’ என்ற சொல்லே இல்லை. ‘திணிவு’ என்று ஒன்று இருந்தது. திணித்து அடைத்தது என்றால் அடர்த்தியாகத்தான் இருக்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். நிறையை, படித்தபடியே போட்டேன். தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கியபோது இலங்கையில் வேறு சொற்களைப் புதிதாக எடுத்திருந்தார்கள்: இந்தியப் புத்தகம் நிறை என்றது இங்கே திணிவு, அது எடை என்றதுதான் இங்கே நிறை. விசைக் கணக்கு முழுவதும் பிழைத்துப்போனது. கணிதத்தில் சித்தியடைந்தேன், பௌதிகத்தில் தேறவில்லை.

அவர் என்னோடு சேர்ந்து அழுதார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அடுத்த ஆண்டு எங்கள் பாடசாலைக்கு வந்த ஓர் ஆசிரியர், அந்தக் கருத்தரங்கில் முதல் நாள் முழுவதும் இந்தச் சொற்களைப் பற்றியே பேசினார்கள் என்று சொன்னார். நாகேஸ்வரி ரீச்சரே எழுந்து, பழைய புத்தகம் படித்த பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டாராம்.

நேரே வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

“ஓம், தெரியும். சொல்ல வாயெடுத்தனான். நீர் பாஸ் பண்ணினாப் போயிடுவீர். நான் தனிய இருக்கிறன் எண்டு தெரிஞ்சா அண்ணன் அடுத்த நாளே வந்து கூட்டிக்கொண்டு போயிடுவார். பிறகு எனக்கு அண்ணன்ட வீட்டுக் குசினிதான்.”

“அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீர் போகாமல் இருந்திருப்பீரோ?”

அந்த மாதமே இடமாற்றம் கேட்டு மல்லாவிக்கு வந்துவிட்டேன். அவர் பயந்தது போலவே அண்ணன் வந்தார். ஆனால் நாகேஸ்வரி போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாராம். அந்தத் துணிவு ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் நான் இன்று பயிற்றப்பட்ட ஆசிரியை.

உங்களில் சிலர், “உங்களில இருந்த பாசத்திலதான் செய்தவா, விடுங்கோ ரீச்சர்” என்கிறீர்கள். பாசம் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? எனக்குக் காய்ச்சல் வந்தபோது விடியும்வரை நெற்றியில் ஈரத்துணி மாற்றியவர் அவர்.

இன்றும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நான் சொல்லிக் கொடுப்பதில் பாதி அவர் தந்தது. அதை அவருடையது என்று சொல்லியே கொடுக்கிறேன். கோபத்தையும் அவரிடமிருந்துதான் பெற்றேன், அதை ஒருவருக்கும் கொடுக்கப்போவதில்லை. என்னைப் பிடிக்காத ஒருத்தி இதைச் செய்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். நாகேஸ்வரிக்கு என்னை மிகவும் பிடிக்கும்.