பின்னாலிருந்து வாசிப்பவர்

ஐஸ்கிரீம் குச்சியைக் கணினித் திரையின் கடைசி எழுத்தில் வைத்து, துஷாந்தினி இடப்பக்கமாக நகர்த்துகிறார். 'ம்'. 'டா'. 'ண்'. 'வே'. குச்சி ஓர் எழுத்து நகர, அவருடைய உதடும் ஓர் எழுத்து நகரும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது அந்தப் பதாகைக் கடை. அங்கே ஒன்பது ஆண்டும் நான்கு மாதமுமாகத் தமிழுக்கு அவர்தான் பொறுப்பு. சிங்களத்தையும் வடிவமைப்பையும் ருவன் பார்க்கிறார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

"நேரா வாசிச்சா கண் விழுங்கிப்போடும், அங்கிள். பின்னால இருந்து வந்தா ஒரு எழுத்தும் ஒளிக்க ஏலாது" என்று, பிரதியெடுக்கக் கடைக்குப் போகும் என்னிடம் சொல்வார்.

முதலாளி இன்ஸாப் விடமாட்டார். "துஷாந்தினி, தமிழையும் நீங்க அரபு மாதிரித்தானே ஓதுறீங்க."

"ஓதினா ஓதட்டும். பிழை வந்தா நீங்களோ பதில் சொல்லுறது?"

நம் ஊரின் மும்மொழிப் பலகைகளில் தமிழ் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை, ஒரு புள்ளி விடுபட்ட பதாகையின் படம் மூன்று நாள் கைபேசிகளில் சுற்றியது. அது வேறொரு கடையில் அச்சானது. ஆனாலும் அந்த மூன்று நாளும் துஷாந்தினி மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. தாம் பார்த்த பதாகை அச்சாகத் தொடங்கினால் வெளியே போய் நின்றுவிடுவார். இயந்திரத்தின் சத்தம் ஓய்ந்த பிறகே உள்ளே வருவார். கடையிலிருந்து கடற்கரைக்கு 214 காலடி. நான் நடந்து எண்ணியிருக்கிறேன். அவர் அந்தப் பக்கம் போவதில்லை. "எனக்கு நீந்தத் தெரியாது. எனக்கென்ன அலுவல் அங்க?"

ஜூன் முதல் வாரத்தில் கடைக்கு நாற்பத்தொரு பதாகைகள் வந்தன. எட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் நீலப் பொருளாதார விழா. கடற்பாசிச் சவர்க்காரம், கைவிட்ட வலைகளில் தைத்த பைகள், கால்வாய் வாயில் பிளாஸ்டிக்கை மறிக்கும் மிதவை, மாணவர்கள் செய்த சூரியசக்திப் படகு.

"அது என்னடி நீலப் பொருளாதாரம் எண்டு அம்மா கேட்டவ, அங்கிள். கடலைக் கெடுக்காமல் கடலில பிழைக்கிறது எண்டன். அப்ப இவ்வளவு நாளும் என்ன செய்தவை எண்டு கேக்கிறா."

இருபத்தொன்பதாவது, ஆறடிக்கு நான்கடி எச்சரிக்கைப் பலகை. ஏற்பாட்டாளர் அனுப்பிய வாசகம்: 'ஆபத்து இல்லை என எண்ணிக் கடலில் இறங்க வேண்டாம்.' சிங்களத்தில் ஆபத்து என்ற சொல் முதல் வரியில் பெரிதாக நின்றது. அதற்கு ஈடாக ருவன் தமிழிலும் முதல் இரண்டு சொற்களைச் சிவப்பில் பெரிதாக்கி, மீதியைக் கீழே சிறிதாக வைத்தார். குச்சி பின்னோக்கி வந்தது. எல்லா எழுத்தும் சரி. அன்றாடம் அலையையும் காற்றையும் குறித்துவைக்கும் என் கொப்பியைப் பிரதியெடுக்கப் போயிருந்த நானும் அதைப் பார்த்தேன். அளவை மட்டும் எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு காலை 7.10. தண்டவாளத்துக்கு அப்பால் நின்று அலையைக் குறித்துக்கொண்டிருந்தேன். தென்மேற்குக் காற்று, கலங்கிய நீர், திரும்பும் அலை கற்களை உருட்டும் சத்தம். கூடாரங்களுக்கு இன்னும் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது துஷாந்தினி செருப்பில்லாமல் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவந்தார்; கையில் கைபேசி. நட்டு முடித்த பலகையை ருவன் படமெடுத்து அனுப்பியிருந்தார். அந்தச் சிறிய படத்தில் வாசிக்கக்கூடியதாக இருந்தது முதல் வரி மட்டுந்தான்.

ஆபத்து இல்லை.

பலகையின் கீழே, விழா பார்க்க ஹட்டனிலிருந்து வந்த ஒருவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆபத்து இல்லைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க. புள்ளைங்க கால நனைக்கட்டுமே." அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் ஏற்கெனவே முழங்காலளவு நீரில்.

"வெளியில வாங்கோ, பிள்ளையள். வாங்கோ." துஷாந்தினி கைகாட்டிக் கத்தினார்.

"ஏங்க, போர்டுலயே இருக்கே?"

"முழுக்க வாசியுங்கோ, அண்ணன். கீழயும் வாசியுங்கோ."

அவர் குனிந்து வாசித்தார். வாசித்து முடிக்குமுன் அலை வந்துவிட்டது. மூத்தவள் இடுப்பளவில் நின்றாள், இளையவளைக் காணவில்லை. நான் நான்குவரை எண்ணினேன். அக்காவின் சட்டை விளிம்பைப் பிடித்தபடி அவள் தலை மேலே வந்தது. தகப்பன் உடையோடு பாய்ந்து இருவரையும் இழுத்து வந்தார். ஒரு செருப்பு மட்டும் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. தாய் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

7.25 ரயிலிலிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தமிழ்க் குரல்களும் கேட்டன. பலகை கம்பத்தில் இறுகக் கட்டப்பட்டிருந்தது, அவிழ்க்க நேரமில்லை. துஷாந்தினி துப்பட்டாவை உருவி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, 'இல்லை' என்ற சொல்லின் மேல் அழுத்திப் பிடித்தார். 'ஆபத்து' மட்டும் வெளியே தெரிந்தது.

மற்றப் பதாகைகளை நடப் போயிருந்த ருவன் கறுப்பு நாடாவுடன் வர 8.05 ஆனது.

"அக்கே, கை எடுங்க."

"ஒட்டு மல்லி. பிறகு எடுக்கிறன்." சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

ருவன் துப்பட்டாவின் மேலேயே நாடாவை ஒட்டத் தொடங்கினார். நாடா கையருகே வரவர, துஷாந்தினி ஒவ்வொரு விரலாக எடுத்தார்.