ஈசினோபில் பூஜ்யம்

அன்று டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது அய்யாவும் நானும். ஆத்தா வரவில்லை. சாயல்குடிக்கு மேற்கே எங்கள் காட்டில் கரிமூட்டம் போட்டு மூன்றாம் நாள். மேலே பூசிய மண்ணில் வெடிப்பு விட்டால் காற்றுப் புகுந்து கருவேல விறகெல்லாம் கரியாகாமல் சாம்பலாகிவிடும். ஈரமண்ணை அப்பிக்கொண்டு ஒருவர் கிட்டவே இருக்க வேண்டும். "நீ படிச்சவன், நீ கூட்டிப் போ. நான் வந்து அங்கன என்னத்தப் பேசப் போறேன்" என்றுவிட்டாள்.

முப்பது வருடம் மூட்டப் புகையில் நின்றவர் அய்யா. பீடியும் உண்டு. கடைசி இரண்டு வருடமாகப் பத்தடி நடந்தால் மூச்சு இளைத்து எதையாவது பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். பெரிய டாக்டரிடம் காட்டினால் சரியாகும் என்று நான்தான் பிடிவாதமாக ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் ஆளைத் தயார்படுத்துவோம். சவரம், வெளுத்த வேட்டி, அதோடு மாத்திரையும். "ஏலே, இளைச்சுக்கிட்டே போயி நின்னா டாக்டரு என்ன நினைப்பாரு? மெடிக்கல்ல அந்த செட்டு வாங்கிட்டு வா" என்றார் அய்யா. மெடிக்கலில் நாலைந்து மாத்திரையை உதிர்த்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். பெயர் கிடையாது. நாலு நாள் வேளை தவறாமல் தின்றார். அன்று பஸ்ஸில் இளைப்பே இல்லை.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறாரா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன் என்று சற்று முன்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். பொட்டல மாத்திரை தின்கிற கூட்டம் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. அய்யா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆத்தா இருந்திருந்தால் உளறியிருப்பாள்.

"ரத்தத்துல ஈசினோபில்னு ஒரு அணு கூடுதலா இருந்தா, நுரையீரல் அழற்சி ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படலாம். இவருக்குப் பூஜ்யம். அதனால அந்த மருந்து வேண்டாம், இன்ஹேலர்ல உறிஞ்சுற மருந்து மட்டும் போதும்" என்றார்.

பஸ்ஸில் அய்யா சிரித்தார். "பூஜ்யமா? பரீச்சையில நீ வாங்கியிருந்தா முதுகுத்தோல உரிச்சிருப்பேன்."

உறிஞ்சுகிற மருந்து மட்டும் போதும் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அதன்பிறகு செட் மாத்திரையை நான் வீட்டுக்குள் விடவில்லை. இளைப்பு கூடியது. உட்கார்ந்தபடியே தூங்கினார். "ஒரே ஒரு செட்டு வாங்கித் தாப்பா" என்று என்னிடம் கெஞ்சினார். "மாத்திரையெல்லாம் உனக்குக் கேக்காதுய்யா, சோதனையிலயே வந்திருச்சு" என்று அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டத் தெரியாதவரிடம் தாளைக் காட்டினேன்.

ஐப்பசி மழையில் மூச்சு முட்டி, வேன் பிடித்து மறுபடி ராமநாதபுரம் கொண்டுபோனோம். இம்முறை ஆத்தாவும் வந்தாள். வார்டில் இருந்த டாக்டரம்மா கேட்டதும் செட் மாத்திரைக் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அந்தம்மா பழைய தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

"அந்தப் பொட்டலத்துல ஸ்டீராய்டு இருந்திருக்கும் தம்பி. அதத் தின்னா ஈசினோபில் ரத்தத்துல குறைஞ்சு, இல்லாமலே போயிரும். இந்தப் பூஜ்யத்த நம்ப முடியாது."

"மாத்திரைய நிறுத்தி, கொஞ்ச நாள் கழிச்சு எடுத்திருந்தா?"

"உண்மையான எண்ணிக்கை தெரிஞ்சிருக்கும். இந்த அளவுக்கு வந்திருக்காதான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

ஆத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. அய்யாவின் காலை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் விடியலில் மூச்சு நின்றது. ஊருக்குக் கொண்டுபோக வெளியே நின்ற வேன்காரரிடம் கேட்டேன். "பொணம்னா ரேட்டு வேற தம்பி" என்றார். ஆத்தா சுருக்குப்பையை அவிழ்த்தாள். நாங்கள் முதலில் டாக்டரிடம் போன அன்று அவள் காவலிருந்த மூட்டத்துக் கரியை விற்ற பணம் அதில் அப்படியே இருந்தது. வேன்காரர் கேட்டதை எண்ணி என் கையில் கொடுத்தாள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.