ஆயில் முள் இறங்கிய வாரம்

வண்டி என்னுடையது இல்லை. என் மனைவியின் அண்ணனுடையது. நான் அதற்கு டிரைவர், அவ்வளவுதான். ஊரில் கேட்டால் மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து டாக்சி விட்டிருப்பதாகச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். மச்சான் வீட்டில் இரண்டு தறி. அந்த வருமானத்தில் வாங்கிய பழைய கறுப்பு வண்டி அது. சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் பக்கம் நிறுத்தி, கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களையும் சாமி பார்க்க வருகிறவர்களையும் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஏற்றி இறக்குவேன். அறுபதுகளின் கடைசி அது. எனக்கு முதுகு அப்போதே போய்விட்டது.

ஒரு நாள் தென்னேரியிலிருந்து கல்யாணப் பெண் வீட்டாரைப் புடவைக் கடைக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். வாலாஜாபாத் தாண்டிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும், எண்ணெய் அழுத்தத்தைக் காட்டுகிற ஆயில் முள் விழுந்தது. எப்போதும் நடுவில் நிற்கிற முள், கீழே போய்ப் படுத்துக்கொண்டது. இஞ்சினுக்குள் எண்ணெய் சரியாக ஏறவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் உள்ளே எல்லாம் உரசித் தீய்ந்துவிடும். உடனே ஓரம் கட்டி அணைத்தேன். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் எண்ணெய் நிறையவே இருந்தது.

"இன்னாபா, நல்ல நேரத்துல புடவை எடுக்கணும்னு சொன்னேனே, இங்கியே உக்கார வெச்சிட்ட" என்றார் பெண்ணின் அப்பா. நான் என்ன செய்வேன், வேண்டுமென்றா நிறுத்தினேன். ஒரு பீடி நேரம் கழித்து மறுபடி கிளப்பினேன். முள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நடுவில் நின்றது. மெதுவாகப் போனால் நின்றது, அழுத்தினால் விழுந்தது. அவர்களை மாட்டு வண்டி வேகத்தில் கொண்டு வந்து இறக்கினேன்.

நடந்ததை ஒன்று விடாமல் மச்சானிடம் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "எவ்ளோ தூரம் ஆயில் இல்லாம ஓட்டினீங்க மாப்ள?" என்றார்.

"ஆயில் இருக்குது மச்சான். முள்ளு விழுந்த உடனே நிறுத்திட்டேன்."

"சரி சரி" என்று சிரித்தார்.

தங்கை புருஷனை முகத்துக்கு நேரே திட்டக் கூடாது அல்லவா, அதனால் என்னைத் தவிர எல்லோரிடமும் சொன்னார். நான் டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் இஞ்சினை வறுத்துவிட்ட செய்தி எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தது. உள்ளே பேரிங் தீய்ந்திருந்தால் தப்பு என்னுடையது. ஸ்டியரிங்கை இனிமேல் தொட முடியாது. அது கூடப் போகட்டும். கவனமில்லாதவன், அதை மறைக்கப் பொய்யும் சொன்னவன் என்ற பேரோடு அதே தெருவில் காலம் தள்ள வேண்டும்.

மெக்கானிக் வண்டியைத் தொடக்கூட இல்லை. "பேரிங் காலிபா" என்றான்.

"பேரிங் தேஞ்சிருந்தா வண்டி சும்மா நின்னுக்கினு இருக்கும்போது முள்ளு இறங்கும், அழுத்தினா ஏறும். இது தலைகீழா இருக்குது. அழுத்தினா இறங்குது, நிறுத்தி வெச்சா ஏறுது. தட்டுற சத்தமும் இல்ல. அடியில எதுவோ அடைக்குதுபா. ஆயில் நிக்கிற கீழ் தொட்டியக் கழட்டிப் பாரு" என்றேன்.

"நீ ஓட்டுற வேலையப் பாரு."

அந்த வாரம் முழுக்கக் கரடியாய்க் கத்தினேன். யார் கேட்டார்கள்? முள் பொய் சொல்கிறது என்று வேறு முள் மாட்டினார்கள். அதுவும் விழுந்தது. எண்ணெய் தண்ணீராய் இருக்கிறது என்று மச்சான் கெட்டி எண்ணெய் ஊற்றச் சொன்னார். இன்னும் சீக்கிரம் விழுந்தது. பிரஷரைக் கட்டுப்படுத்துகிற ஸ்பிரிங்கை மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏனாத்தூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, வழியில் நிறுத்தி நிறுத்தித் திரும்பி வருவேன். மூன்றாம் நாளே எனக்கு அலுத்துவிட்டது. வண்டி எக்கேடோ கெடட்டும், என்னைத் தூங்க விட்டால் போதும் என்றிருந்தது.

வீட்டில் என் மனைவி மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. சோறு போடுவாள், பக்கத்தில் உட்காருவாள், விசிறுவாள். கேள்வி கேட்காத ஒரு ஆளாவது இருக்கிறாளே என்று அந்த வாரத்தை அவளை வைத்துத்தான் ஓட்டினேன்.

திடீரென்று ஒரு காலை மச்சான் இறங்கி வந்தார். "மாப்ள சொல்ற மாதிரி கழட்டிப் பாருபா. போனது போவட்டும், அவரு மனசு நோவக் கூடாது" என்றார் மெக்கானிக்கிடம். இவ்வளவு கனிவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

தொட்டியை இறக்கினார்கள். எண்ணெயை உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கும். அதைக் காணவே காணோம். கறுப்பாக ஒரு உருண்டை அதை மூடிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் அலசினால் நூல். இன்னும் அலசினால் அரக்கு நிறப் பட்டு நூல். வேகமாகப் போனால் உறிஞ்சலில் அது சல்லடையோடு ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினால் தளரும். மெக்கானிக் பேரிங் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை.

மச்சான் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தறியில் அறுத்துப் போட்டது அவருக்குத் தெரியாதா? "ஆயில் ஊத்துற மூடி ஒரு நாள் தொலைஞ்சிப் போச்சுபா. புது மூடி வாங்குற வரைக்கும் கழிவு நூலச் சுருட்டி அடைச்சி வெச்சேன். அதுல கொஞ்சம் உள்ள போயிருக்கும்" என்றார். எங்கள் ஊரில் எந்த ஓட்டைக்கும் கைக்கு முதலில் கிடைப்பது அதுதான்.

எல்லாவற்றையும் மாட்டி, ஏனாத்தூர் வரை அழுத்தி ஓட்டினேன். முள் அசையவில்லை. "நல்லதாப் போச்சு மாப்ள. சாயந்திரம் ஒரு சவாரி இருக்குது" என்றார் மச்சான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னால் போதும்.

கை கூடக் கழுவாமல் நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன். அவள் ராட்டையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்ப நீங்க வறுக்கலியா?"

"அதத்தானே ஒரு வாரமா சொல்லிக்கினு இருக்கேன்."

"எனக்கின்னா தெரியும்? பயந்துட்டேன். நேத்து அண்ணன் கால்ல வுழுந்துட்டு வந்தேங்க. அவரு தெரியாம பண்ணிட்டாரு, இந்த ஒரு தபா மன்னிச்சிடுன்னு."

ஊரே சொன்னபோது வராத வலி அப்போது வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு நாள் கழித்து முகம் மலர்ந்து, தட்டு வைத்தாள். "சாப்புடுங்க, சூடா இருக்குது" என்றாள்.

சவாரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சவாரிக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது.