தறிக்கூடத்துப் பேச்சு

நேற்று தையல் மிஷின் ரிப்பேர் கடையில் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதுமே, அருப்புக்கோட்டையில் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்ட எங்கள் விசைத்தறிகள் ஞாபகம் வந்தன, கூடவே அந்தக் கோபமும். தகரக் கூரைக்கடியில் தறிகள் ஒன்றாக ஓடும்போது காதோரம் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் நூல் அறுந்ததையும் சோறு ஆறுவதையும் பக்கத்துத் தெருக் கல்யாணத்தையும் அம்மாவும் அப்பாவும் குரலே இல்லாமல் உதட்டாலும் புருவத்தாலும்தான் பேசிக்கொள்வார்கள். தறிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி வளர்த்த என் தங்கை செல்வி முதலில் பிடித்துக்கொண்டதும் அந்தப் பேச்சைத்தான். சரியான வாயாடி! தூக்கத்தில்கூட உதடு ஓயாது.

நான் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனபோது பெரிய வாத்தியார் அவளிடம் பேர் கேட்டார். செல்வி உதட்டால் பளிச்சென்று சொன்னாள்.

"ஏம்மா, ஊமைப் பிள்ளைய இங்க எதுக்குக் கூட்டியாந்த?"

"ஊமை இல்ல சார். அவ வாயப் பாருங்க, சொல்லுறா."

பார்க்கவேயில்லை மனுஷன். அவ்வளவு படித்தவருக்கு ஒரு குழந்தையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்ன கேடு? மேஜையைத் தட்டித் தட்டி, "பேரு என்ன? பேரு என்ன?" என்று கத்தினார். செல்வி ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில், "சேர்க்க முடியாது, கிளம்புங்க" என்று எங்களை வெளியே அனுப்பினார்.

வாசலில் செல்வி என் தாடையைப் பிடித்துத் திருப்பி, சத்தமில்லாமல் கேட்டாள்: "அக்கா, பாவம், அவுகளுக்குக் காது கேக்காதா?"