அண்ணன் சொல்லாத 'வேண்டாம்'

எங்கள் அண்ணன் எதற்கும் முதலில் 'வேண்டாம்' என்றுதான் சொல்வான். காரைக்கால்மேட்டிலிருந்து துள்ளத் துள்ள வந்த மத்தியை வேண்டாம் என்பான். பார்த்த பெண்ணையெல்லாம் வேண்டாம் என்று கடைசிவரை கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமையை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு பாரிசுக்குப் போனான். அங்கே ஒரு உணவகத்தில் சமையல் வேலை. போன வருடம் அந்த அடுப்படியிலேயே தலையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தான்.

மூளைச்சாவு என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாங்கள் அழுது ஓய்வதற்குள் அடுத்த போன், உறுப்பு தானம் பற்றி.

"என் பிள்ளையைக் கீறக் கூடாது. உயிர்த்தெழும் நாள்ல அவன் முழுசா எழுந்திரிக்கணும்" என்றாள் அம்மா.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போலகத்து மாமா இப்படிக் கிடந்தபோது இங்கே டாக்டர்கள் குடும்பத்தின் சம்மதத்தைத்தான் கேட்டார்கள். கூடிப் பேசி வேண்டாம் என்றோம், விட்டுவிட்டார்கள்.

பாரிசில் கேள்வியே வேறு. டாக்டர் பிரெஞ்சில் பேசப் பேச ஒரு இலங்கைத் தமிழ்ப் பெண் போனில் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, இங்கத்தைய சட்டம் வேற. உயிரோட இருக்கேக்க வேண்டாம் எண்டு சொல்லாத எல்லாரும் சம்மதம் எண்டுதான் கணக்கு. உங்கட விருப்பத்தைக் கேக்கேல்லை. உங்கட மகன் எப்பவாவது வேண்டாம் எண்டு சொன்னவரா? சொன்னவர் எண்டா விட்டிடுவினம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயுசு முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றவனுடைய ஒரே ஒரு 'வேண்டாம்' போதும், அவன் முழுசாக வீடு வந்துவிடுவான். 'சொன்னான்' என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் ஆயிற்று. யார் போய் அவனிடம் விசாரிக்கப் போகிறார்கள்? சொல்லு, சொல்லு என்று அம்மாவின் கையைக் கிள்ளினேன்.

அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. எங்கிட்ட அப்படி அவன் சொன்னதில்லை" என்றாள்.

போனை வைத்ததும் கத்தினேன். "ஒரு பொய் சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"அவன் முழுசா வரணும்னுதான் எனக்கும் ஆசை. அதுக்காகப் பேச முடியாமக் கிடக்கிறவன் வாயில நான் ஒரு வார்த்தையை வைக்கவா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளோடு சண்டை போட்டே வளர்ந்தவள் நான். அன்றைக்குத்தான் என் அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். அவள் அதற்குள் தரையில் குப்புற விழுந்து அழ ஆரம்பித்திருந்தாள்.